அலை அக்காவின் இருநூற்றுப் பன்னிரண்டு பாடங்கள்

மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, வானொலி நிலையத் தோழர்களே, அலை அக்காவின் முகத்தை இன்றுதான் முதன்முதலாகப் படத்தில் பார்க்கும் மாணவர்களே, வணக்கம்.

நம் அலை அக்கா போய்விட்டார். ஒலிப்பதிவுக்கூடத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் என் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து வேலை பார்த்த ஒலிப்பொறியாளர். கணினியில் இசை அமைப்பது எப்படி என்று தமிழில் பாடம் எழுதி, இணையத்தில் இலவசமாகப் போட்டவர். ஒலியலை என்றால் என்ன? மின்சாரத்தால் இசையொலியை உருவாக்கும் சின்தசைசருக்குள் என்ன நடக்கிறது? எந்த மென்பொருள் பழைய கணினியிலும் ஓடும்? ஒவ்வொன்றையும் தானே ஓட்டிப் பார்த்து எழுதினார். ஒன்பது ஆண்டுகளில் இருநூற்றுப் பன்னிரண்டு பாடங்கள்!

ஒரு நாள் காலையில் அத்தனையும் காணாமல் போயின. அவருடைய தளத்தை வைத்திருந்த நிறுவனம் சொல்லாமல் கொள்ளாமல் மூடிவிட்டது. அவரிடம் இருந்த பிரதிகளோ, பழுதான கணினி வட்டோடு முந்தைய மாதமே போயிருந்தன. ஆறுதல் என்று நினைத்து நான் ஒன்று சொன்னேன்: "விடுங்கக்கா. இங்கிலீஷ்ல இதெல்லாம் கொட்டிக் கிடக்குதே."

"இங்கிலீஷ் தெரிஞ்சவங்களுக்காகவா தம்பி நான் ஒன்பது வருஷம் எழுதினேன்?"

அன்று மன்னிப்புக் கேட்கவில்லை. இன்று கேட்கிறேன்; கேட்க அவர் இல்லையே!

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். நடத்தியவர்களே நீங்கள்தாம்! ஒரு பேருந்து ஓட்டுநர் கைப்பேசியில் எழுபது பாடங்களைச் சேமித்து வைத்திருந்தார். ஒரு செவிலியர் அச்சடித்துத் தைத்தே வைத்திருந்தார். இப்படி நூற்றெண்பத்தாறு பாடங்கள் திரும்பி வந்தன.

மீதி இருபத்தாறும் ஒலியைக் கேட்டுக் கேட்டுத் திருத்தும் பாடங்கள்; அவற்றை அக்கா புதிதாக எழுத வேண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்தா மூளையில் அந்தக் கட்டி வர வேண்டும்? உயிரைக் கொண்டுபோகும் முன் அது அவருடைய இரண்டு காதுகளையும் கொண்டுபோனது.

கேட்காத காதோடு கேட்கக் கற்றுக்கொடுப்பது எப்படி?

இதோ, முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கிறாரே அவருடைய கணவர், தையல்காரர், அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். அக்கா திரையில் ஒலியை மாற்றுவார். இவர் கேட்டுவிட்டு, துணியில் கோடு போடும் சாக்கட்டியால் பலகையில் எழுதிக் காட்டுவார்: 'மெஷின்ல நூல் சிக்கின மாதிரி கரகரங்குது.' அக்கா குறைப்பார். 'இப்ப தகரத்துல காத்து அடிக்கிற மாதிரி இருக்கு.' அந்த வார்த்தைகளே பாடத்தில் ஏறின. ஒருமுறை வெறுமனே 'நல்லா இருக்கு' என்று எழுதிவிட்டார். "நல்லா இருக்கா? நான் என்ன சட்டையா தச்சிருக்கேன்?" என்றார் அக்கா. இவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அக்காவுக்குக் கேட்கவில்லை. பார்த்தே அவரும் சிரித்தார்.

அப்படி இருபத்துமூன்று பாடங்கள் எழுதினார். மூன்று மிச்சம்.

அந்த மூன்றையும் முடிப்போம். எல்லாப் பாடங்களையும் இனி ஓரிடத்தில் அல்ல, உங்கள் ஒவ்வொருவர் கணினியிலும் வைப்போம். இது நாம் அவருக்குக் கொடுக்கும் வாக்கு.

நேற்று அக்கா வீட்டுக்குப் போய் அவர் கணவரிடம், "அண்ணே, நான் எழுதுறேன். நீங்க கேட்டுச் சொல்வீங்களா?" என்றேன். அவர் அந்தப் பலகையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சொல்றேன் தம்பி. ஆனா பலகையில எழுதித்தான் காட்டுவேன். வாயால சொன்னா, அவளுக்குத் தெரியாம சொல்ற மாதிரி இருக்கும்."

எழுதியே காட்டுங்கள் அண்ணே. நான் படித்துக்கொள்கிறேன்.