மூன்றாவது படிவத்தில் இருந்த கையெழுத்து

நடந்ததை நடந்த வரிசையிலேயே, கூட்டாமலும் குறைக்காமலும், உண்மையாகப் பதிவு செய்கிறேன். என் பெயரும் முகவரியும் முதல் தாளில் உள்ளன. வயது பதினைந்து. பத்தாம் வகுப்பு படிக்கிறேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். யாரும் சொல்லிக்கொடுத்து நான் இந்தக் காவல் நிலையத்துக்கு வரவில்லை.

இன்று காலை ஒன்பதரை மணிக்கு நானும் என் அக்காவும் அடையாள அட்டை அலுவலகத்துக்குப் போனோம். அக்கா பிறந்தபோது ஆண் என்று பதிந்திருக்கிறார்கள். வீட்டில் நான்கு வருடமாக அவர் எனக்கு அக்காதான். அட்டையில் மட்டும் பழைய பெயரும் மீசை வைத்த படமும் இருந்தன. ஒரு மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்த ரசீதையாவது நாளைக் காலை எட்டு மணிக்குள் காட்டாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். பேருந்தில் இடம் இருந்தும் அக்கா உட்காரவில்லை.

எங்கள் டோக்கன் எழுபத்தாறு. பன்னிரண்டே காலுக்குக் கூப்பிட்டார்கள். விரல்ரேகை இயந்திரம் பழுதாகித் துணி போட்டு மூடியிருந்தது. அதனால் படிவத்தில் பழைய கையெழுத்தையும் புதியதையும் போட வேண்டும், பழையது பதிவேட்டில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும் என்று குமாஸ்தா சொன்னார். அக்கா போட்டது ஒத்துப்போகவில்லை.

"என்னப்பா, என்னம்மா, ஏதோ ஒண்ணு. இது உன் கையெழுத்தே இல்லையே."

"ஏதோ ஒண்ணு வேணாம் சார், தங்கச்சின்னே கூப்பிடுங்க. நாலு வருஷமா அந்தப் பேர்ல எதுலயும் போடல. கை மறந்துபோச்சு."

"சைக்கிள் ஓட்டுறதும் கையெழுத்தும் மறக்குமா?"

"அம்மா தாயே, நாங்களும் இன்னைக்கே வீட்டுக்குப் போகணும்" என்று பின்னால் நின்றவர் சொன்னார்.

அதன்பின் இரண்டாவது படிவமும் வீணாயிற்று. மூன்றாவதைக் கொடுத்து, இதுவும் போனால் அடுத்த மாதம்தான் என்று குமாஸ்தா சொன்னார். அக்கா ஒரு பழைய உறையின் பின்னால் பதினொரு முறை எழுதிப் பார்த்தார். எல்லாமே புதிய பெயரின் சுழியோடுதான் தொடங்கின. அதன்பின் மருத்துவர் சான்றுக்கு நகல் எடுக்க வெளியே போனார். படிவம் என் மடியில் இருந்தது.

அப்போது அந்தப் பழைய கையெழுத்தை நான் போட்டேன். அம்மா விடியுமுன் ஆலைக்குப் போய்விடுவதால் நான்கு வருடத்துக்கு முன்புவரை என் மதிப்பெண் அட்டையில் அக்காதான் பழைய பெயரில் கையெழுத்திடுவார். கணக்கில் நாற்பத்தொன்று வாங்கிய மாதம் அதைப் பார்த்துப் பழகி நானே போட்டேன். இது அம்மாவுக்கு இப்போதுதான் தெரியும்.

குமாஸ்தா, "இதத்தானே காலைலேர்ந்து கேக்குறேன்" என்று முத்திரை வைத்தார். அக்கா படிவத்தைப் பார்த்தார். என் மணிக்கட்டைப் பிடித்தார்.

அதன்பின் ரசீதுக்காக மேலதிகாரி அம்மையாரிடம் போனோம். அவர் தன் கண்ணெதிரே ஒருமுறை போடச் சொன்னார். அக்கா போட்டார். இரண்டும் ஒத்துப்போகாததைப் பார்த்துவிட்டு, அட்டைக்கு உரியவரை என்ன செய்தாய் என்று கேட்டார்.

"நான்தான் மேடம் அது."

"அப்ப இந்தக் கையெழுத்த யாரு போட்டது?"

"அதுவும் நான்தான்."

அதன்பின் ஆள்மாறாட்டம் என்று எழுதி அக்காவை இங்கே அனுப்பினார்கள். அக்கா சொன்ன இரண்டாவது பதில் மட்டும் பொய். முதல் பதில் உண்மை.

நான் சொன்னதை எழுதிக்கொண்ட ஏட்டு ஐயா இதைப் படித்துக் காட்டியபோது எல்லா இடத்திலும் 'அண்ணன்' என்று இருந்தது. மாற்றும்படி கேட்டேன்.

"பதிவுல இருக்குறதத்தான் எழுத முடியும் பாப்பா."

"அவ சொன்னதத்தானே நீங்க எழுதணும்?" என்று அம்மா கேட்டார்.

ஏட்டு ஐயா ஒவ்வொன்றாக அடித்து 'அக்கா' என்று எழுதி, ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் சுருக்கொப்பமிட்டார். வெளிப் பெஞ்சிலிருந்து அக்கா, "சார், அந்தத் தாள்ல ஒரு நகல் கிடைக்குமா? காலைல எட்டு மணிக்கு ஒரு எடத்துல காட்டணும்" என்று கேட்டார். ஏட்டு ஐயா தொலைபேசியை எடுத்து, ரசீது பற்றிக் கேட்க அடையாள அட்டை அலுவலகத்தை அழைத்தார்.

மேலே உள்ளவை என் வாயால் சொன்னவை, என் அறிவுக்கு எட்டியவரை மெய். தவறு என்னுடையது என்று அறிந்தே, என் சொந்தக் கையெழுத்தை இடுகிறேன்.

(ஒப்பம்)

நேரம் மாலை ஆறு ஐந்து. அங்கே தொலைபேசியை எடுத்த அலுவலகக் காவலாளி, எல்லாரும் போய்விட்டார்கள், விளக்குகளை அணைத்தாயிற்று என்றார்.