பெட்ரீசியா கொண்டுவந்த கஞ்சி

— அதுக்குத்தான் உபதேசியாரே, உங்களை வாசல்லயே மறிச்சேன். உள்ளே வாங்கன்னு கூப்பிடலையேன்னு நெனைச்சுக்காதீங்க. உள்ளே எங்கூட்டுக்காரரு படுத்திருக்காரு. நான் பேசறது அவரு காதுல விழக்கூடாது.

— நெனைக்கறதுக்கு என்ன இருக்கு, நல்லம்மா. சிலிபின்லேருந்து நடந்து வந்த காலு, நின்னாலும் ஒண்ணுதான், உக்காந்தாலும் ஒண்ணுதான். லயத்துல ஜெபமும் முடிஞ்சிருச்சு. நீ சொல்லு.

— கிறிஸ்மசும் அதுவுமா இந்தப் பேச்சை எடுக்கறேனேன்னு இருக்கு. இன்னிக்கு விட்டா நீங்க மறுபடி எப்ப ஜெலாப்பாங் பக்கம் வருவீங்களோ. நான் மாரியாத்தா கோயில் ஆளு, நான் சொன்னா அது வேற. உங்க சனத்துக்கு உங்க வாயால சொன்னாத்தான் தாங்கும். பெட்ரீசியாகிட்ட நீங்கதான் சொல்லணும்.

— என்னத்தைச் சொல்லணும்?

— அது புருசன் செத்துட்டாருன்னு. இந்தத் தோட்டத்துக்கே மருந்து குடுத்த மனுசன், டிரசரு அலெக்சாண்டரு. சயாம்ல, போன மாசியிலயே. வாந்திபேதி.

— உனக்கு யாரு சொன்னது?

— இவருதான். பக்கத்துக் கொட்டாயில இருந்திருக்காரு. தூக்கிக்கிட்டுப் போன நாலு பேர்ல இவரும் ஒருத்தராம்.

— வேற யார்கிட்டயும் நீ சொல்லலையே?

— மூச்சு விடல. லயத்துல ஒரு வீட்டுக்குத் தெரிஞ்சா மிச்ச வீட்டுக்குத் தெரிய எவ்வளவு நேரம் ஆவும்.

— உம்புருசன் பத்துமலை எப்ப வந்து சேர்ந்தான்?

— தீவாளி கழிஞ்சு. தீவாளின்னு பேருதான், யாரும் எண்ணெய்ச் சட்டி வெக்கல. கேளுங்க, ரெண்டு பேரையும் ஒரே நாள்லதான் பிடிச்சாங்க. காலையில பேர் கூப்பிடற பெரட்டுக்கு நின்னோம், ஏதோ கணக்கெடுக்கறாங்கன்னு பார்த்தா, சயாம்ல ரயில் ரோடு போடணும்னு அப்படியே லாரியில ஏத்திட்டான் ஜப்பான்காரன். சட்டையை மாத்திக்கிட்டு வாரேன்னாரு இவரு, விடல. ஆசுபத்திரிக்கு டிரசரு வேணுமேன்னு ஆபீசுக் கிராணி கெஞ்சிப் பார்த்தாரு. அங்கயும் ஆசுபத்திரி இருக்குன்னுட்டானாம்.

— அது எனக்குத் தெரியும்.

— திரும்பி வந்தது இவரு மட்டும். கூட்ஸ் வண்டியில மூட்டைக்கு நடுவுல படுத்து வந்தாராம். எங்க ஏறினாரு, எங்க எறங்கினாருன்னு இன்னும் சரியாச் சொல்ல வரல. வாசல்ல வந்து நின்னதும் நான் யாரோ பிச்சைக்காரன்னு நெனைச்சு, ஒண்ணும் இல்லப்பா போன்னுட்டேன். போகாம நின்னுக்கிட்டே இருந்தாரு. அப்புறம்தான் காதைப் பார்த்தேன். அந்தக் காது ஒண்ணுதான் மாறாம இருந்துச்சு.

— உடம்பு இப்ப எப்படி?

— கால்ல புண்ணு. அது ஆறிக்கிட்டு வருது. சீக்கு அது இல்ல. சாப்பிடமாட்டேங்கிறாரு உபதேசியாரே. சோத்தைக் கண்டா சொவத்துப் பக்கம் திரும்பிக்கிறாரு. கெஞ்சினேன், திட்டினேன், ஊட்டிவிட்டேன். வாயில வெச்சதைத் துப்பறாரு. ஊரே மரவள்ளிக் கிழங்கைத் தின்னுட்டுக் கிடக்கு, நான் காதுத்தோட்டைக் குடுத்துப் பசார்ல அரிசி வாங்கியாந்து ஆக்கினேன். அதையும் துப்பினாரு. சரி, சயாம்ல சாகாத மனுசன் நம்ம கையில சாகத்தான் வந்திருக்காருன்னு மனசைத் தேத்திக்கிட்டேன்.

— அப்புறம்?

— அப்புறம்தான் பெட்ரீசியா வந்துச்சு. கையில ஒரு கிண்ணம் கஞ்சி. பாகான் டத்தோவுல அதோட அப்பா இருக்காரில்ல, அங்கேருந்து எப்பவாச்சும் தேங்கா வரும். தேங்காப்பால் விட்ட கஞ்சி. இவரு பக்கத்துல உக்காந்து, அண்ணே, அவரைப் பார்த்தீங்களான்னு கேட்டுச்சு. எனக்கு அப்ப ஒண்ணும் தெரியாது. எங்கிட்டகூட இவரு வாயைத் தொறக்கலையே. அது கேட்டதும் எந்திரிச்சு உக்காந்துட்டாரு. பார்த்தேனே, நல்லாத்தானே இருக்காருன்னாரு.

— அப்படியா சொன்னான்.

— சொன்னாரு. ஆசுபத்திரிக் கொட்டாயில மருந்து கலக்கறாராம். ஜப்பான்கார டாக்டருக்கு அவருமேல ஒரு பிரியமாம். மீனெல்லாம் குடுக்கறாங்களாம், இப்ப உடம்புகூட வெச்சிருச்சாம். ஒரு வார்த்தை பேசாம கிடந்த மனுசன் அடுக்கிக்கிட்டே போறாரு. பேசிக்கிட்டே கிண்ணத்தை இழுத்து வெச்சுக் குடிச்சாரு. எனக்கு ரெண்டு சந்தோசம். எம்புருசன் வாயில கஞ்சி எறங்குது, அது புருசன் உசுரோட இருக்காரு.

— பெட்ரீசியா என்ன சொன்னா?

— இவரு மூஞ்சியையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. கிண்ணம் காலியானதும், நாளைக்கும் வாரேண்ணே, இன்னும் சொல்லுங்கன்னு எந்திரிச்சுப் போயிருச்சு. அது தலை மறைஞ்சப்புறம்தான் இவரு எங்கிட்ட நெசத்தைச் சொன்னாரு. அந்தப் பிள்ளை மூஞ்சியைப் பார்த்ததும் வேற வாய் வரல நல்லம்மான்னாரு.

— மறுநாளும் வந்தாளா?

— ஒரு நாள் தப்பாம வருது. தெனம் ஒரு கதை. டிரசருக்குப் பூட்ஸ் குடுத்தாங்க. டிரசரு சயாம் பாசை பேசறாரு. ஒரு நாளு யானை மேலயே ஏத்தி விட்டுட்டாரு உபதேசியாரே. நான் அடுப்பாண்ட வாயைப் பொத்திக்கிட்டு நின்னேன், சிரிப்பா அழுகையான்னு எனக்கே தெரியல. அதுவும் உக்காந்து கேக்குது. தாடி வெச்சிருக்காராண்ணே, துணியெல்லாம் யாரு தொவைக்கிறாங்கன்னு நடுவுல கேள்வி வேற. இவரு சொல்லிக்கிட்டே திம்பாரு. கதை நின்னா கையும் நின்னுரும்.

— பத்துமலை சாப்பிடறான், அவ கேக்கறா. அது பாட்டுக்கு நடக்கட்டுமே, நல்லம்மா. திருநாளு போகட்டும்.

— நீங்களே இப்படிச் சொன்னா எப்படி? பெட்ரீசியாவுக்கு ஆலிசுன்னு ஒரு பொட்டப்பிள்ளை இருக்கு. நேத்து குழாயடியில பார்த்தேன், காலு குச்சி குச்சியா இருக்கு. அது வாய்ச் சோறுதான் இங்க வருது. எம்புருசன் பொய்யைச் சொல்லி வாங்கித் திங்கறாரு, நானும் பார்த்துக்கிட்டு நிக்கிறேன். நேத்து என்ன சொல்லிட்டுப் போச்சு தெரியுமா? அக்கா, நாளைக்குக் கிறிஸ்மசு, நிக்கிற கோழியை அடிச்சு அண்ணனுக்குக் கொழம்பு கொண்டாரேன்னுச்சு. அது முட்டை போடற கோழி லா. அந்தப் பிள்ளைக்கு இருக்கறதே அது ஒண்ணுதான்.

— வேணாம்னு சொல்றதுதானே.

— சொன்னேன். திருநாளு அன்னிக்கு நாலு பேருக்குக் குடுக்காம நாங்க மட்டும் திங்கறதான்னு கேக்குது. ஜப்பான்காரன் வரதுக்கு முந்தி வருசா வருசம் தீவாளிக்கு எங்க வீட்டுத் தட்டு அங்க போகும், கிறிஸ்மசுக்கு அவங்க தட்டு இங்க வரும். இந்தத் தீவாளிக்கு நான் ஒரு முறுக்கு அனுப்பல. இப்ப வர தட்டு மட்டும் வந்துக்கிட்டே இருக்கு. எனக்கு வெக்கமா இருக்கு.

— நான் சொன்னா அவ வரது நின்னுரும். பத்துமலை சாப்பாடும் நின்னுரும். அதை யோசிச்சியா?

— யோசிக்காமலா உங்களை மறிச்சேன்? இவரு செத்தா சாகட்டும்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஒரு பிள்ளை வாயிலேருந்து பிடுங்கிப் போட்டு இவரை வெச்சிருக்கவும் மனசு வரல. அதான் பெரியவங்க நீங்க சொல்லுங்கன்னு கேக்கறேன்.

— என்னால முடியாதும்மா.

— ஏன் முடியாது?

— ஒருத்தருக்கு வாக்குக் குடுத்திருக்கேன். அதுக்கு மேல எங்கிட்டக் கேக்காத.

— ஊருக்கே உபதேசம் பண்ற வாயி, இதுக்கு மட்டும் வாக்கு வந்து தடுக்குதா? சரி விடுங்க. அந்தா வருது பாருங்க, சட்டியைத் தூக்கிக்கிட்டு. நானே சொல்லிடறேன்.

— நல்லம்மா, கொஞ்சம் பொறு.

— பெட்ரீசியா, அங்கயே நில்லு.

— என்னக்கா? ஓ, உபதேசியாரும் இங்கதான் இருக்காரா. நல்லதாப் போச்சு, அவருக்கும் ஒரு வாய் ஆகும். வழி விடுங்க, சூடா இருக்கப்பவே அண்ணனுக்குக் குடுத்துடறேன்.

— கோழியை அடிச்சிட்டியா?

— அடிச்சாச்சு லா. ஆலிசுக்கு எடுத்து வெச்சுட்டுத்தான் வந்தேன், மொறைக்காதீங்க.

— இனிமே எதையும் இங்க கொண்டாராத. இவரு உங்கிட்டச் சொன்னது அத்தனையும் பொய்யி. ஆசுபத்திரியும் இல்ல, மீனும் இல்ல. டிரசரு போயிட்டாரும்மா. போன மாசியிலயே போயிட்டாரு.

— மெதுவாப் பேசுங்கக்கா.

— நான் சொன்னது கேட்டுச்சா உனக்கு?

— கேட்டுச்சு. எனக்குத் தெரியும்க்கா. கம்பார் ஊர்க்காரர் ஒருத்தரு சயாம்லேருந்து தப்பிச்சு வந்து எங்க சிலிபின் கோயில்ல சொல்லியிருக்காரு. உபதேசியாரு வந்து எங்கிட்டச் சொன்னாரு. அதெல்லாம் உங்க தீவாளிக்கு முந்தியே. அவருக்குப் பூசைகூட வெச்சாச்சு.

— உபதேசியாரே.

— ஆமாம்மா. யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிட்டா. நான் என்ன பண்றது.

— எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு, அண்ணே அவரைப் பார்த்தீங்களான்னு ஏன்டி வந்து கேட்டே?

— எப்படிச் செத்தாருன்னு கேக்கத்தான் வந்தேன். கம்பார்க்காரரு செத்த சேதி மட்டும்தான் சொன்னாரு, கூட இருந்தது நம்ம அண்ணன்தானே. சீக்காளி வீட்டுக்கு வெறுங்கையோட போகக்கூடாதேன்னு கஞ்சி எடுத்தாந்தேன். மெதுவா ஆரம்பிப்போம்னு, பார்த்தீங்களான்னு கேட்டேன். அண்ணன் நல்லா இருக்காருன்னுட்டாரு. அதுக்கு மேல என்னத்தைக்கா கேக்கறது?

— நீ கேக்க வந்ததை நான் சொல்றேன், கேட்டுக்க. இவரு எங்கிட்ட அழுதுக்கிட்டே சொன்னது. போன கிறிஸ்மசு அன்னிக்குக் கேம்புல பாதிப் பேருக்குக் காய்ச்சலாம். சோறுன்னா தண்ணிக் கஞ்சிதானாம். உம்புருசன் போட்டிருந்த சட்டையைக் கழட்டி ஒரு சயாம்காரிகிட்டக் குடுத்து வெல்லம் வாங்கியாந்திருக்காரு. இன்னிக்கு எங்க திருநாளுன்னு சொல்லி, கஞ்சியில அதைக் கரைச்சு, எந்திரிக்க முடியாம கிடந்தவங்களுக்கெல்லாம் அவரே ஊட்டினாராம். எந்தச் சாமியக் கும்பிடற ஆளுன்னு பார்க்கலையாம். இவருக்கும் ஒரு கரண்டி. அதுலதான் எந்திரிச்சு உக்காந்தேங்கறாரு.

— இது எனக்குத் தெரியாதுக்கா.

— மாசியில அவரு விழுந்தப்ப இவரு ஒரு வாய் வெந்நி கொண்டுபோகப் பார்த்திருக்காரு. ஜப்பான்காரன் வேலைக்கு வெரட்டிட்டான். திரும்பி வரயில முடிஞ்சிருச்சாம். சோத்தைக் கண்டா அதுதான் முன்னால வந்து நிக்குதாம் இவருக்கு.

— எந்தச் சட்டைன்னு சொன்னாரா?

— கோடு போட்டதாம்.

— நான் தெச்சது.

— பெட்ரீசியா. உக்காரும்மா. அந்தச் சட்டியை இப்படிக் குடு. கேக்க வேண்டியதைக் கேட்டுட்டே, இனிமே நீ இங்க வரணும்னு இல்ல. வீட்டுக்குப் போயி ஆலிசைப் பாரு.

— வேணாம்க்கா, சட்டியை நானே கொண்டுபோறேன். நான் போய் உக்காந்து கேட்டாத்தான் அண்ணன் சாப்பிடுவாரு. எனக்குத் தெரியும்ங்கிறது அவருக்குத் தெரிய வேணாம்.