ஹெட் ஆபீஸ்ல கேட்ட கடைசி கேள்வி

இந்தா கோதண்டம், மொதல்ல உன் ஷூவ புடி. ரெண்டு குதிகால்லயும் கொப்பளம். சிரிக்காத மாமு. தேரடி பஸ் ஸ்டாப்லேந்து இந்த டீக்கட வரைக்கும் ஷூவ கைல புடிச்சிகினு வெறுங்கால்ல நடந்து வர்றேன். ரோட்ல பாத்தவன்லாம், இன்னா டில்லிபாபு, வடிவுடையம்மனுக்கு வேண்டுதலான்னு கேக்கறான். இல்லடா, இன்டர்வ்யூன்னேன். அவனுக்கு ரெண்டும் ஒண்ணு தான்.

சொல்றேன், சொல்றேன். இன்னா அவசரம்? ஷிஃப்டுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் கீது. மொதல்லேந்து சொன்னா தான் உனக்கு புரியும். எனக்கும் அப்டி தான் சொல்ல வரும். அண்ணே, ரெண்டு டீ, ஒண்ணுல சக்கர கம்மி.

அந்த ஆபீஸ கேளு. நம்ம கன்டெய்னர் யார்டுக்கு ஓஎம்ஆர்ல அப்டி ஒரு ஹெட் ஆபீஸ் கீதுன்னு பத்தொம்பது வருசமா எனக்கு தெரியாது மாமு. இங்க கேபின்ல ஃபேன் ஓடலன்னு நாலு தபா லெட்டர் குடுத்தோமே, அங்க ஊஞ்சல் மாட்டி வெச்சிக்கிறான். சத்தியமா. ஆபீசுக்குள்ள ஊஞ்சல். தரையில மூட்ட மாதிரி ஒண்ணு போட்டுக்கிறான், அதான் நாற்காலியாம். உக்காந்தேன், உள்ள போய்ட்டேன். பேர கூப்ட்டா எப்டி ஏந்திரிக்கறதுன்ற கவலையிலயே அர மணி நேரம் ஓடிப்போச்சு.

சுத்தி பசங்க. எல்லாம் பி.இ., எம்.இ. அவனுங்க மடியில லேப்டாப்பு. என் மடியில பிரவுசிங் சென்டர்ல அடிச்ச ஒரே பேப்பரு. அதுல அந்த கடக்காரன் அவனா டைனமிக்குன்னு ஒரு வார்த்த சேத்து வுட்டுக்கிறான். இன்னாடா இதுன்னா, எல்லாருக்கும் போடறது தான்ணே, இருந்துட்டு போவட்டும்ன்றான். ஒரு பையன் நேரா என்கிட்ட வந்து, அங்கிள், வாஷ்ரூம் எங்கன்னான். எனக்கு இன்னா தெரியும்? ஆனா அவன் கேட்ட தோரண அப்டி. அவனே கை குடுத்து என்னைய மூட்டையிலேந்து தூக்கி வுட்டான். நான் போய் தேடி, கண்டுபுடிச்சு, கதவையும் தொறந்து வுட்டேன். தேங்க்ஸ் அங்கிளாம்.

அப்பவே திரும்பிடலாம்னு பாத்தேன். கால் வாசல் வரைக்கும் போய்டுச்சு. ஆனா கம்ப்யூட்டர் வேல, அதுவும் பகல் வேல மாமு. காலைல போய் சாங்காலம் வூட்டுக்கு வர்ற வேல. நானும் கன்னியம்மாவும் ஒரே நேரத்துல தூங்கி எத்தினி வருசம் ஆவுது தெரியுமா? நான் கெளம்பறப்ப அது படுக்கும். நான் வந்து படுக்கறப்ப அது கூடைய தூக்கிகினு மார்க்கெட்டுக்கு கெளம்பும். ஒரே பாயில மாத்தி மாத்தி படுக்கறோம், அதான் குடும்பம். பகல்ல கண்ண மூடுனா டிரெய்லர்காரன் ஹாரன். தூக்கம் வராம தானே இந்த கம்ப்யூட்டர் பைத்தியமே புடிச்சிது. போன்ல வீடியோ பாத்து, பழைய நோட்டு பின்னாடி புரோகிராம் எய்தி எய்தி பாத்து... உனக்கு தெரியாததா. நாப்பத்தாறு வயசுல நான் ஆசப்பட்டது ராத்திரி தூக்கம் ஒண்டி தான்.

கூப்ட்டாங்க. உள்ள மூணு பேரு. மகிமான்னு ஆள் எடுக்கற பொண்ணு. கண்ணாடி போட்ட பெரிய மேடம் ஒருத்தங்க. மூணாவது ஆளு செவுத்துல, டிவில, அமெரிக்காவுலேந்து. அவரு ஹலோன்னு வாய தொறந்தாரு, நெட்டு போச்சு. தொறந்த வாய் தொறந்தபடி கடைசி வரைக்கும் என்னையே பாத்துகினு இருந்தாரு. அங்க என்னைய பாத்து அசந்து போன ஒரே ஆளு அவரு தான்.

அந்த பொண்ணு கேக்குது, இன்னும் அஞ்சு வருசத்துல நீங்க எங்க இருப்பீங்க? இதே திருவொத்தியூர்ல தான் மேடம், வாடக வூடு, ஓனரு காலி பண்ண சொல்லாத வரைக்கும்னேன். தோத்துப்போன அனுபவம் ஒண்ணு சொல்லுங்கன்னுச்சு. ஒண்ணே ஒண்ணு தானா மேடம்னேன். எங்க டீம்ல டெய்லி காலைல நின்னுகினே மீட்டிங் போடுவோம், உங்களுக்கு ஓகேவான்னுச்சு. பத்தொம்பது வருசமா ராத்திரி பூரா நின்னுகினு தான் மேடம் கீறோம், அதுக்கு மீட்டிங்னு பேருன்னு இன்னிக்கு தான் தெரியுதுன்னேன். அத்த கூட எய்திகிச்சு மாமு.

அப்பால பெரிய மேடம். ஒவ்வொரு கம்ப்யூட்டர் சாமான் பேரா சொல்லி, தெரியுமா, தெரியுமா? எட்டு கேட்டாங்க. எட்டுக்கும், கேள்விப்பட்டுக்கிறேன் மேடம்னேன். ஒம்போதாவது ஒண்ணு கேட்டாங்க. அதுக்கும் கேள்விப்பட்டுக்கிறேன்னேன். அப்டி ஒண்ணு கெடையாது, சும்மா கேட்டேன்னாங்க.

ஆமா மாமு, முடிஞ்சுதுன்னு தான் நானும் நெனச்சேன். பேப்பர மடிச்சு சட்ட பாக்கெட்ல வெச்சுட்டேன். அப்ப தான் அவங்க கேட்டாங்க, நீங்களா எதனா செஞ்சுக்கிறீங்களா, சின்னதா இருந்தாலும் பரவால்லன்னு.

உன் முட்டி கதைய சொன்னேன்.

பின்ன? வேற இன்னா கீது நம்மகிட்ட? எங்க யார்டுல குளுரு பொட்டி நூத்தி அறுவது கீது மேடம், எறா, மீனுலாம் கப்பல் ஏறுற வரைக்கும் அதுல தான் கெடக்கும், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தபா நாலு பேரு டார்ச் எடுத்துகினு ஏணில ஏறி மைனஸ் பதினெட்டு கீதான்னு பாத்து நோட்ல எய்தணும்னேன். ஐப்பசி மழையில என் தோஸ்து ஏணிலேந்து வுயுந்துட்டான், முட்டி போச்சு, ஆபீசுக்கு தெரிஞ்சா வேலய வுட்டு தூக்கிடுவாங்கன்னு அவன் ரவுண்டையும் சேத்து நான் போய்கினு இருந்தேன்னு எல்லாத்தையும் சொன்னேன். ஆமாடா, முட்டி மேட்டரயும் தான். வாயி நிக்கல. அவங்க கேட்டுகினு இருந்தாங்க மாமு. நம்ம சொல்றத அந்த மாதிரி ஆளுங்க அந்த மாதிரி குனிஞ்சு கேட்டா, உனக்கு மட்டும் நின்னுருக்குமா?

கேபின் மூலையில தூசி புடிச்சு ஒரு கம்ப்யூட்டர் கீதுல்ல, பொட்டி சூடு எல்லாம் அதுல தானா வந்து வுயுதுன்னு நான் கண்டுபுடிச்சது, அத்த படிச்சு, சூடு ஏறுனா போனுக்கு மணி அடிக்கற மாதிரி புரோகிராம் எய்துனது, எட்டு மாசமா நீ கேபின்ல கால் நீட்டி உக்காந்துகினு போன்ல வர்றத பாத்தே நோட்ட ரொப்பறது, ஒரு எறா கூட கெடாதது, எல்லாம் சொன்னேன். போன்லயே காட்டுனேன். அந்த நேரம் பாத்து நிஜமாவே ஒரு பொட்டிக்கு மணி அடிச்சிது. பெரிய மேடம் கண்ணாடிய கயட்டிட்டாங்க.

ஆமா. கெடச்சிருச்சு. ஒண்ணாந்தேதிலேந்து. பகல் வேல, கார்டு, ஊஞ்சல், எல்லாம்... டேய், வுடு, வுடுறா, எல்லாரும் பாக்கறான். கீழ எறக்கு, முட்டி கீது உனக்கு. அண்ணே, அவனுக்கு பைத்தியம், நீங்க டீய ஆத்துங்க. ஸ்வீட்டும் வாணாம், ஒண்ணும் வாணாம். உக்காரு. நான் இன்னும் முடிக்கல.

வேல குடுக்கறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு கேள்வி கேட்டாங்க. செவுத்துல வெள்ள போர்டு கீது. இப்ப யாரு யாரு ரவுண்டு போறாங்க, பேர எய்தி கட்டம் போடுங்கன்னாங்க. போட்டேன். என் கட்டம், உச்சிமாகாளி அண்ணாச்சி கட்டம், ரகுபதி கட்டம், உன் கட்டம். ஒம்போது கேள்வில தோத்துட்டு நிக்கறேன், இதுக்காச்சும் ஒயுங்கா பதில் சொல்லணும்னு ஸ்கேல் வெச்ச மாதிரி போட்டேன். அப்பால டஸ்டர என் கையில குடுத்தாங்க. உங்க புரோகிராம் ஓடுனா இதுல எந்தெந்த கட்டம் தேவப்படாது, தொடைங்கன்னாங்க.

மொதல்ல என் பேர தொடச்சேன். ஜாலியா இருந்துச்சு, நான் தான் மேல போறேனே. அப்பால அண்ணாச்சி. அப்பால ரகுபதி. மணி அடிச்சா போய் பாக்கறதுக்கு கரண்ட்டு ஆளு யார்டுல ஏற்கனவே கீறான்ல மேடம், அவனே போதும்னு வெளக்கம் வேற குடுத்தேன். கணக்கு கேள்வின்னு தான் நெனச்சேன், கட்டம் தானே தொடைக்கறோம்னு தான் நெனச்சேன்னு உன்கிட்ட சொல்லலாம்னு பஸ்ல வரசொல்ல ரோசன பண்ணிகினு வந்தேன். பொய்யி அது. உன் கட்டத்துகிட்ட வந்தப்ப கை நின்னுச்சு மாமு. இன்னா மிஸ்டர் டில்லிபாபு, ஷூரா தெரியலையான்னாங்க பெரிய மேடம். ஷூர் மேடம்னேன். எல்லாரும் கை தட்டுனாங்க, அந்த டிவிக்காரரு தவுத்து.

ஒண்ணாந்தேதிலேந்து நீங்க மூணு பேரும் வர வேணாமாம். நாளைக்கு லெட்டர் வரும், அதுக்கு முன்னாடி என் வாயாலயே சொல்லிடணும்னு தான் நேரா இங்க வந்தேன்.

கேட்டியா மாமு? உன் பேர கொஞ்சம் அயுத்தி எய்திட்டேன் போலகீது, ரெண்டு தபா தொடைக்க வேண்டியதா போச்சு.