ஃபிட்ஸு நடிக்கிற வேலை

அய்யே, சினிமான்னா நீ நெனைக்கிற சினிமா இல்ல அத்தை. கூட்டத்துல நிப்பேன், அவ்ளோதான். ஹீரோ ஓடியாந்தா நாங்க அலறிக்கினு வழி வுடணும். உன் புள்ள ஆரோக்கியராஜ் உன்கிட்ட பெர்சா அளந்து வெச்சிகீறான், கட்டிக்கப்போற பொண்ணு நடிகைன்னு. உக்காரு, கல்யாணப் பொடவ எடுக்கறதுன்னா தி.நகர்ல பொழுது போயிடும். அந்தக் கடைக்காரண்ணன் எடுத்தாரட்டும், பேசிக்கினு இருப்போம்.

நெசமா நான் நடிச்சது இன்னான்னு தெரியுமா? ஃபிட்ஸு. ஆமா, வலிப்புதான். சிரிக்காத.

வடபழனில எங்க ஏஜெண்டு ஒருநாள், அனு, மெடிக்கல் காலேஜுல கீழ வுழத் தெரிஞ்ச பொண்ணு வேணுமாம், போறியான்னான். போனேன். கமர் ஜஹான் மேடம்னு நரம்பு டாக்டரு. ஃபிட்ஸு வந்தவங்கள எப்டி பாக்கறதுன்னு பசங்களுக்கு கத்துக்குடுக்கறாங்க. நெசமான பேஷண்டு நம்ம கேக்கற நேரத்துக்கு வுழுவாங்களா? அதுக்குத்தான் நானு. எந்தக் கை மொதல்ல இழுக்கணும், கண்ணு எந்தப் பக்கம் சொருவணும், எல்லாம் வீடியோ போட்டு பழக்கிவுட்டாங்க. சும்மா முழிச்சிக்கினு சட்டை பட்டன நோண்டிக்கினு இருந்தா அதுவும் ஒரு ஃபிட்ஸாம். அட, எங்க பெரிப்பா தெனமும் அப்பிடித்தான் கீறாருன்னேன். மேடமே சிரிச்சிட்டாங்க.

அந்தப் பசங்க கீறானுங்களே! மொத நாளு நான் தொபால்னு வுழறேன், ஒருத்தன் பைக் சாவிய எடுத்து என் கையில திணிக்கிறான். டாக்டருக்குப் படிக்கிற புள்ள! இன்னொருத்தி ஸ்பூன வாயில வுட வர்றா. ஒரு கண்ணாடிக்காரன் காதுகிட்ட குனிஞ்சி, அக்கா, இப்ப எப்டி ஃபீல் பண்றீங்கன்றான். எழுந்து ஒன்னு வுடலாம்னு இருந்துச்சி. மேடம் வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாங்க. அமுக்கிப் புடிக்காத, வாயில எதையும் வெக்காத, ஒருக்களிச்சிப் படுக்க வை, தெளியறவரைக்கும் கூடவே இருன்னு.

வேணாண்ணா, இந்த ரோஸு வேணாம். அத்தை மூஞ்சி போன போக்க பாரு.

இன்னா கேட்ட? கடைசியா பாஸ் பண்ணாங்களாவா? பரீட்சைதான் கூத்து. அன்னிக்கு எனக்கு முழிக்கிற ஃபிட்ஸு மட்டுந்தான். சேர்ல உக்காந்து பட்டன நோண்டணும், வுழவே கூடாது. ஆனா வுழுந்துட்டேன், சேரோட. கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்குதாம். பசங்க கை தட்டுனாங்களாம் அத்தை! அக்கா செம ஆக்டிங்குன்னு. வலியுல்லான்னு ஒருத்தன், கிளாஸ்ல எப்பவும் தூங்கி வழிவான், அவந்தான், மேடம், வாயில ரத்தம், இவங்க நடிக்கலன்னு கத்திக்கினு ஓடியாந்து, வெள்ளக்கோட்ட சுருட்டி தலைக்கடியில வெச்சானாம்.

ஆமா. நெசமாவே வந்துடுச்சி.

கண்ணத் தொறந்தா சுத்தி எல்லாரும் நிக்கிறாங்க. துணியெல்லாம் நனைஞ்சி கீது. வெக்கத்துல செத்துடலாம்னு இருந்துச்சி. அந்தப் பையன் மட்டும் தரையில உக்காந்துக்கினு, உங்க பேரு அனு, காலேஜுல இருக்கீங்க, ஒன்னும் இல்லக்கான்னு திருப்பித் திருப்பி சொல்லிக்கினே இருந்தான்.

அப்புறம் வீட்ல ஒருவாட்டி வந்துச்சி. மேடம் ஸ்கேன் எடுத்துப் பாத்து மாத்திரை எழுதிக்குடுத்தாங்க. போன வருசம் மாதா கோயில் கொடியேத்தத்துக்கு முன்னாடி கடைசியா வந்தது, அதுக்கப்புறம் வரல. கல்யாணம் கட்டிக்கலாம், கொழந்த பெத்துக்கலாம், மாத்திரைய மட்டும் நீயா நிறுத்தாதன்னாங்க.

உன் புள்ளைக்குத் தெரியும். பழகுன புதுசுலயே சொல்லிட்டேன். அம்மாகிட்ட தாலி கட்டுனப்புறம் சொல்லிக்கலாம்னான். எனக்கு அது சரிப்படல. நாளைக்கு உன் சமையக்கட்டுல நான் வுழுந்து கெடந்தா, நீதான பாக்கணும்? அதான், பொடவைக்கு பில்லு போடறதுக்கு முன்னாடி சொல்லிட்டேன். வேணான்னா இப்பவே எழுந்து போயிடலாம், அண்ணன் மடிச்சி வெச்சிக்குவாரு.

அய்ய, கைய ஏன் இம்மாம் இறுக்கிப் புடிக்கிற? வளையல் நொறுங்கிடும் அத்தை. இப்பல்லாம் வராது, வுடு.

வுட மாட்டியா? சரி, புடிச்சிக்க.