கச்சிமுகம்மதுவின் மொறிஸ் மைனர்க் கதவு

நான் றெக்ஸின் அடித்த கார்க் கதவு, நான் மனம் வைத்தால்தான் திறக்கும். கல்முனை முழுக்க இதைச் சொல்லியிருக்கிறேன், ஒருவரும் நம்பியதில்லை. நாற்பது வருடம் குஷன் வேலை செய்து ஓய்ந்தவன் நான். நான் தைத்த கார் சீற்றை ஒரு கன்றுக்குட்டி தாயென்று நினைத்து நக்கியிருக்கிறது. அதையும் என் மகள் ஸுஹைறா நம்பவில்லை. "வாப்பாட கதையில பாதியக் கடலுக்குள்ள போடோணும்" என்பாள்.

எங்கள் ஊர்க் கச்சிமுகம்மது தன் மொறிஸ் மைனர்க் காரைக் கொண்டுவந்தார். உப்புக்காற்றில் கதவுகளின் உள்பக்க அட்டை ஊதி, மேலே ஒட்டிய றெக்ஸின் தோல் கொப்புளித்திருந்தது.

"உன்ன விட்டா ஆரிட்ட நான் கொண்டு போற?" என்றார்.

நியாயமான பேச்சு. ஒன்பது வருடத்துக்கு முன், ஸுஹைறாவைப் பற்றி விசாரித்து வந்த மாப்பிள்ளை வீட்டாரிடம் அவளுக்கு வலிப்பு என்று சொன்னதும் அதே வாய்தான். சம்பந்தம் குழம்பியது. அவள் இன்னும் தனியாகவே இருக்கிறாள். நான் கச்சிமுகம்மதுவைக் காணும்போதெல்லாம் சலாம் சொல்லி வந்தேன். கோபத்தை ஆறவிடக் கூடாதல்லவா.

வேலையை நிதானமாகச் செய்தேன். இரண்டே கதவு. அட்டையைப் புதிதாக வெட்டி, பஞ்சு வைத்து, றெக்ஸினை இழுத்து ஒட்டினேன். மூடுமுன், உள் கைபிடியிலிருந்து பூட்டுக்குப் போகும் கம்பியை இரண்டு கதவிலும் கழற்றி எடுத்தேன். கண்ணாடி ஏறும், இறங்காது என்று செய்தேன். பெற்றரி வயரையும் விட்டுவைக்கவில்லை. ஹோன் சத்தம் எனக்கு ஆகாது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குச் சற்று முன் வரச் சொன்னேன். அந்த நேரம் என் பட்டறைப் பக்கம், கடற்கரை மீன்வாடிகளில், ஓர் ஆண்பிள்ளை நிற்கமாட்டான்.

"ஏறி இருந்து பாருங்க காக்கா. கண்ணாடிய ஏத்துங்க."

"பட்டு மாதிரி ஏறுதுடா."

"கதவ நான் சாத்திறன்."

சாத்தினேன். உச்சி வெயிலில் காரை அப்படியே விட்டுப் பள்ளிக்குப் போனேன். முன் வரிசையிலேயே இடம் கிடைத்தது. குத்பாப் பிரசங்கம் பொறுமையைப் பற்றியது, நல்ல குத்பா. திரும்பி வந்து ஒற்றை விரலால் கதவைத் திறந்தேன். புது றெக்ஸின் முழுக்க நகக்கீறல். அதுதான் எனக்கு வருத்தம்.

வெயிலில் மாரடைப்பு என்று சொல்லி அடக்கிவிட்டார்கள். என் கைவேலைக்கு இதைவிட அவமானம் உண்டா? நானே பொலிஸுக்குப் போய்ச் சொன்னேன். ஒரு வாப்பா செய்ய வேண்டியதைத்தான் செய்தேன் என்றேன். இன்ஸ்பெக்டர் பிரசாந் சிரித்தார். கன்றுக்குட்டிக் கதை அவர் காதுக்கும் எட்டியிருந்தது. ஸுஹைறாவை அழைத்து, வாப்பா புளுகுகிறாரா என்று கேட்டார்.

அவள் இரண்டு கம்பிகளை மேசையில் வைத்தாள்.

"வாப்பா வெள்ளிக்கிழம போட்ட சேட்டுப் பையில கிடந்திச்சி சேர்." என் பக்கம் அவள் திரும்பவில்லை. "வலிப்பு எண்டு சொல்லச் சொல்லி அந்த மனிசன்ட்டக் கெஞ்சினது நான்தான். எனக்கு அந்தக் கலியாணம் விருப்பமில்ல. வாப்பாட்டச் சொல்லப் பயம். வாப்பா புளுகல்ல சேர். நடந்ததுதான்."

பார்த்தீர்களா, கடைசியில் அவளும் என்னை நம்பிவிட்டாள்.