ஏழாம் இடம் காலி

அன்று வெயிலா, மேகம் போட்டிருந்ததா என்று எனக்குச் சரியாக நினைவில்லை ஐயா. வெயிலாகத்தான் இருந்திருக்க வேண்டும். சின்னக்கண்ணு நிழல் தேடி வந்திருந்தாளே.

உப்பளம் பகுதியில் எங்கள் கார் நிறுத்தத்தைக் கண்ணாடி அறைக்குள்ளிருந்து கவனிப்பது என் வேலை. ஒவ்வொரு இடத்தின் நடுவிலும் தரையில் ஒரு சென்சார். மேலே வண்டி நின்றால் செல்போன் ஆப்பில் சிவப்பு, காலியானால் பச்சை. பச்சையைப் பார்த்து முன்பதிவு செய்துவிட்டு வருகிறவர்கள் போனைத்தான் பார்ப்பார்கள், தரையைப் பார்ப்பதில்லை. கண்ணைச் சும்மா வைத்திருக்கிற ஜனங்கள்.

அந்த ஜனங்களுக்கும் ஒரு படி கீழே சின்னக்கண்ணு. மீன் விற்று முடித்ததும் ஏழாம் இடத்துச் சென்சார்மேல் தன் அலுமினியக் குண்டானைக் கவிழ்ப்பாள். ஆப் அதை வண்டி என்று நம்பிச் சிவப்புக் காட்டும். இவள் அதே இடத்தில் சுவரோரம் பூவரச நிழலில், முகத்தைத் தலைப்பால் மூடிக்கொண்டு தூங்குவாள். எழுந்து போகச் சொல்லி அலுத்துவிட்டேன்.

"இன்னா சார், காருக்கும் குண்டானுக்கும் வித்தியாசம் தெரியாத மிசினு. அதுக்குக் காவலு நீ. உனுக்கு சம்பளம் வேற!" என்றாள் ஒருநாள்.

டிரைவர்கள் சிரித்தார்கள். அதன்பிறகு என் பெயர் 'குண்டான் சார்'. நான் எம்.எஸ்சி. படித்தவன். செதில் ஒட்டிய கையை ஆட்டிப் பேசுகிறவளுக்குப் பதில் சொல்வதில்லை.

அன்று அவள் தூங்கியதும் போய்க் குண்டானை எடுத்து வந்தேன். நான் செய்தது அவ்வளவுதான். தூக்கம் கலைந்துவிடக் கூடாதென்று மெதுவாகவே எடுத்தேன். ஏழு பச்சையானது. முன்பதிவு வந்தது. வண்டி வருவதற்குள் ஒரு டீ குடித்தேன். எழுப்பியிருக்கலாமே என்கிறீர்கள். தினமும்தான் எழுப்பினேன், கேட்டாளா?

கார் பின்பக்கமாக உள்ளே போனது. அதன் எச்சரிக்கை மணி விடாமல் கத்தியது. ஓட்டியவர் சுவருக்காகக் கத்துகிறது என்று நினைத்தாராம். திரையில் ஏழு சிவப்பாகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

சின்னக்கண்ணு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இறந்தாள். காரை ஓட்டிய விஜயராகவன் ஜாமீனில் இருக்கிறார். பூவரச மரத்தை வெட்டிவிட்டார்கள். டிரைவர்கள் என்னை வெறும் 'சார்' என்று கூப்பிடுகிறார்கள். குண்டான் என் மேசைக்கு அடியில் இருக்கிறது. கழுவித்தான் வைத்திருக்கிறேன். அவள் மகள் வந்து கேட்டால் கொடுத்துவிடுவேன். அடுத்தவர் பொருளை வைத்துக்கொள்கிற ஆள் நான் இல்லை.