பொம்மிக்குச் சோறு ஆகுமா

சின்ன நாய்க்குச் சோறு ஆகுமா ஆகாதா என்று கண்டுபிடிப்பது நீங்கள் நினைப்பதைவிடச் சிரமம், சார்ஜன் நாகையா. பெரிய நாய் என்றால் ஒரு பிடி கூடக் குறையப் போனாலும் உடம்பு தாங்கிக்கொள்ளும். பொம்மி மூன்றே கிலோ. வெள்ளைப் பொமரேனியன். அதற்கு ஒரு பருக்கையும் பெரிசுதான்.

என் பெயர் தம்புசாமி. ரயில்வேயில் முப்பத்திரண்டு வருஷம் கணக்கெழுதும் கிராணி வேலை. எண்பத்தைந்தாம் வருஷம் ஓய்வு பெற்றதும் பிரிக்பீல்ட்ஸில் மூன்றாம் மாடியில் வாடகை வீடு. நானும் என் மனைவி பவுனம்மாளும்தான். பிள்ளைகள் இல்லை. பவுனுக்குச் சர்க்கரை வியாதி. பார்வை மங்கிவிட்டதால் படியில் தனியாக இறங்க மாட்டாள். தினமும் காலையில் அவளுக்கு ஊசி போடுவது நான்தான். பெரியாஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லிக் கொடுத்திருந்தார். ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

பொம்மி அவள் நாய். பினாங்கில் இருந்த என் ரயில்வே கூட்டாளி மாற்றலாகிப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனான். எந்நேரமும் அவள் காலடியிலேயே கிடக்கும். நான் கூப்பிட்டால் தலையைத் தூக்கிப் பார்க்கும், அவ்வளவுதான். அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை.

இந்த வருஷத் தொடக்கத்தில் பொம்மி சொறிய ஆரம்பித்தது. வயிற்றில் முடி கொட்டி, தோல் சிவந்து புண்ணாகிவிட்டது. மிருக டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். சீனப் பையன், நிதானமாகப் பேசினான். சோறு ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம் என்றான். சோறு, ரொட்டி, பிஸ்கட் எல்லாவற்றையும் ஆறு வாரம் நிறுத்த வேண்டும். அவித்த கோழியும் பூசணிக்காயும் மட்டும். பிறகு மறுபடி சோறு கொடுத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். இடையில் ஒரு பருக்கை போனாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பவுனுக்குப் பிடிக்கவில்லை. "சோறு தின்னு வளந்த நாய்ங்க அது. பாவம் லா" என்றாள்.

கோழியை அவித்து, எலும்பு நீக்கி, நானே வைத்தேன். இரண்டு வாரத்தில் சிவப்பு இறங்கியது. இன்னொன்றும் நடந்தது. பாசாரில் கோழி வாங்கிக்கொண்டு நான் திரும்பும்போது பொம்மி கதவருகே வந்து நிற்கத் தொடங்கியது. என் செருப்புச் சத்தம் அதற்குத் தெரிந்திருந்தது. அந்த வீட்டில் எனக்காக யாரும் கதவருகே நின்றதில்லை.

பதினேழாம் நாள் மறுபடி சொறிந்தது. தூக்கிப் பார்த்தேன். தாடை மயிரில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. தயிரும் ஒட்டியிருந்தது.

"நீயா குடுத்த?"

"என் தட்டையே பாத்துக்கிட்டு நின்னுச்சுங்க. மனசு கேக்கல."

முதலிலிருந்து ஆரம்பித்தோம். இருபத்திரண்டாம் நாள் அதே கதை. நான் கத்தவில்லை. அவளை அடித்ததாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என் வாழ்க்கையில் கை ஓங்கியதில்லை. யோசித்தேன். அவள் தட்டில் சோறு இருக்கும்வரை இது முடியாது. அது நியாயமான முடிவு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

அரிசி மூட்டையைப் பக்கத்து வீட்டு மாரியாயிக்குக் கொடுத்தேன். சர்க்கரைக்கு நல்லதென்று இரண்டு பேரும் சோற்றை விட்டுவிட்டோம் என்றேன். மாரியாயி என்னை ரொம்பவும் பாராட்டினாள். கோழியும் பூசணியும் ஒரே சட்டியில் மூன்று பேருக்கும் வெந்தன. நாய்க்குப் போட்டது போகத்தான் எங்களுக்கு.

ஊசியைப் பற்றிக் கேட்டீர்கள். அளவைக் குறைக்கவில்லை. சோறு சாப்பிடுகிறவளுக்காக எழுதிக் கொடுத்த அளவு அது, தெரியும். ஊசி போட்ட அரை மணிக்குள் சோறோ ரொட்டியோ சாப்பிட வேண்டும், கை நடுங்கினால் சீனித் தண்ணீர் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை இறங்கி உயிருக்கே ஆபத்து என்று நர்ஸ் இரண்டு தடவை சொல்லியிருந்தார். எனக்கு ஞாபக சக்தி நன்றாகவே இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போய் அளவை மாற்றிக் கேட்டிருக்கலாம். கேட்டால் சோற்றை ஏன் நிறுத்தினீர்கள் என்பார்கள். நாய்க்காக என்று சொன்னால் சிரிப்பார்கள்.

முதல் வாரத்தில் அவளுக்கு இரண்டு முறை வியர்த்துக் கொட்டியது. சீனித் தண்ணீர் கொடுத்தேன். அடுத்த வாரம் மாரியாயி கம்பிக் கதவு வழியாக பிஸ்கட் நீட்டினாள். பவுன் பாதியைத் தின்றுவிட்டு மீதியைப் பொம்மிக்குக் கொடுக்கப் போனாள். நல்லவேளை, நான் பார்த்துவிட்டேன். அதற்குப் பிறகு டாக்டர் உத்தரவு, எதுவும் கொடுக்கக் கூடாது என்று மாரியாயியிடம் சொன்னேன். வெளியே போகும்போது மரக்கதவையும் சேர்த்துப் பூட்டினேன்.

பவுன் மெலிந்தாள். பேச்சு குழறியது. சில சமயம் நான் யார் என்று கேட்டாள். பொம்மி மட்டும் அழகாகிக்கொண்டு வந்தது. வயிற்றில் புது முடி. சாயங்காலம் என் மடியில்தான் படுக்கும்.

மூன்றாம் தடவை ஆரம்பித்து முப்பத்தோராம் நாள் காலை வழக்கம்போல ஊசி போட்டேன். கோழித் துண்டை வாயருகே கொண்டுபோனேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஒரு பிடி சோறு குடுங்க. நாய்க்குக் குடுக்க மாட்டேன். சத்தியமா குடுக்க மாட்டேன்."

"இன்னும் பதினோரு நாள்தான், பவுனு."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. நான் பொம்மியைத் திடலுக்குக் கூட்டிப்போனேன். பத்து மணிக்குத் திரும்பி வந்தபோது அவளிடமிருந்து குறட்டை மாதிரி ஒரு சத்தம். தோளைத் தொட்டு அசைத்தேன். எழவில்லை. அது தூக்கமில்லை என்று எனக்குத் தெரியும். சீனி டப்பா அலமாரியில் இருந்தது. மாரியாயி வீட்டில் டெலிபோன் இருந்தது. நான் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பொம்மி மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது. மூன்று மணிக்குச் சத்தம் நின்றது. நாலு மணிக்கு மாரியாயியைக் கூப்பிட்டேன்.

இப்போது மாரியாயிதான் பொம்மியை வைத்திருக்கிறாள், மூன்று வேளையும் சோறு போடுகிறாள், அது சொறிவதே இல்லை என்றீர்கள். பத்து நாளை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. டாக்டரைக் கேளுங்கள், அவரும் அதையேதான் சொல்வார்.

அவள் செத்துப்போவாள் என்று தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். அன்று காலை ஊசியை எடுக்கும்போதே தெரியும். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் வாக்குமூலத்தில் மேலே, பட்டினி போட்டேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் அடித்துவிடுங்கள், சார்ஜன். மூன்று வேளையும் என் கையால் ஊட்டினேன். சோறுதான் கொடுக்கவில்லை.